300, 3,000, 30,000 ரூபாய்: வோல்டேஜ் அளக்க எந்த மல்டிமீட்டர்?

குளச்சலில் விசைப்படகுக்கு வயரிங் செய்கிறவர், மார்த்தாண்டத்தில் இன்வெர்ட்டர் சர்வீஸ் கடை வைத்திருப்பவர், கோணம் ஐ.டி.ஐ.யில் எலக்ட்ரீஷியன் படிக்கும் பையன், குலசேகரம் பக்கம் ராத்திரி ஏழு மணியானால் டியூப்லைட் மினுங்கும் வீட்டுக்காரர். நாலு பேரும் கேட்பது ஒரே கேள்விதான்: "அண்ணாச்சி, மல்டிமீட்டர் ஒண்ணு வாங்கணும், எத வாங்கட்டும்?" கடையில் கேட்டால் கைக்கு எட்டியதை எடுத்து வைப்பார்கள். ஆன்லைனில் பார்த்தால் எல்லா மீட்டருக்கும் நாலரை ஸ்டார்.

நாலு பேருக்கும் ஒரே பதில் கிடையாது. எவ்வளவு சின்ன வித்தியாசத்தை வைத்து நீங்கள் முடிவெடுக்கப் போகிறீர்கள்? ஐந்து வோல்ட்டா, அரை வோல்ட்டா, அல்லது கரண்ட் இருக்கா இல்லையா என்பது மட்டுமா? அதற்குத் தகுந்த மீட்டர்தான் உங்கள் மீட்டர். அதனால் விலைப்பட்டியலை ஓரமாக வைத்துவிட்டு, எதையெல்லாம் உரசிப் பார்க்க வேண்டும் என்று முதலில் பார்த்துவிடுவோம்.

## உரசிப் பார்க்க வேண்டியவை

பிழைக் கணக்கு. மீட்டரோடு வரும் தாளில் ±(1.2% + 10) என்பது போல ஒரு வரி இருக்கும். எல்லோரும் சதவீதத்தைப் பார்த்துவிட்டு அந்த 10-ஐ விட்டுவிடுவார்கள். வினையே அதில்தான் இருக்கிறது. திரையின் கடைசி இலக்கம் 10 எண்ணிக்கை வரை கூடவோ குறையவோ காட்டலாம் என்பது அதன் பொருள். கடைசி இலக்கம் 1 வோல்ட் என்றால் பிழை 10 வோல்ட். கடைசி இலக்கம் 0.1 வோல்ட் என்றால் பிழை 1 வோல்ட்தான்.

எல்லோர் வீட்டிலும் கிடக்கும் மஞ்சள் டிடி-830டி மீட்டரை எடுத்துக்கொள்ளுங்கள். அதன் திரை 1999 வரைதான் எண்ணும். ஏ.சி.யில், அதாவது வீட்டுக்கு வரும் மாறுதிசை கரண்டில், 200, 750 வோல்ட் என்று இரண்டே ரேஞ்ச். வீட்டு கரண்ட் 200-ல் அடங்காது, 750-க்குத்தான் திருப்ப வேண்டும். அங்கே கடைசி இலக்கம் 1 வோல்ட். 230-க்கு 1.2% என்பது 2.8, அதோடு 10-ஐச் சேர்த்தால் ஏறக்குறைய 13 வோல்ட். மின்வாரியம் வீட்டு இணைப்பில் 230-க்கு மேலும் கீழும் 6% வரை விலகலாம் என்பது விதி. 6% என்றால் ஏறக்குறைய 14 வோல்ட். 216-லிருந்து 244 வரை. ஆக, வாரியத்துக்குக் கொடுத்த சலுகையும் இந்த மீட்டர் எடுத்துக்கொள்ளும் சலுகையும் கிட்டத்தட்ட ஒரே அளவு.

குலசேகரத்து வீட்டில் இந்த மீட்டர் 210 காட்டுகிறது என்று வைத்துக்கொள்வோம். உண்மை 198-லிருந்து 222 வரை எங்கு வேண்டுமானாலும் இருக்கலாம். குறைந்த வோல்டேஜ் என்று புகார் எழுதலாமா கூடாதா என்பதே தெரியாது. 6000 வரை எண்ணுகிற (6000 கவுண்ட் என்பார்கள்), இங்கே கடைசி இலக்கம் 0.1 வோல்ட்டாக உள்ள, ±(1% + 3) பிழையுள்ள மீட்டர் அதே 210-ஐக் காட்டினால் உண்மை 207.6-க்கும் 212.4-க்கும் நடுவில் நிற்கும். மனுவைத் தைரியமாக எழுதலாம்.

மஞ்சள் மீட்டருக்கும் நியாயம் சொல்ல வேண்டும். தாளில் இருப்பது மோசமான எல்லை. பல மீட்டர்கள் நடைமுறையில் இரண்டு மூன்று வோல்ட்டுக்குள்ளேயே நிற்கும். ஆனால் உங்கள் கையில் இருப்பது அந்தப் பலவற்றில் ஒன்றா என்பது, நல்ல மீட்டர் ஒன்றைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தால்தான் தெரியும்.

இன்னொன்று, தாளில் உள்ள பிழை பெரும்பாலும் 18 முதல் 28 டிகிரி வரையுள்ள வெப்பத்துக்குத்தான். அதற்கு மேல் ஒவ்வொரு டிகிரிக்கும் அந்தப் பிழையில் பத்தில் ஒரு பங்கைக் கூட்டிக்கொள்ளச் சொல்கின்றன பல கையேடுகள். 38 டிகிரியில் பிழை இரட்டிப்பு. படகின் என்ஜின் அறையிலும் மே மாதத்து மொட்டை மாடியிலும் 38 டிகிரி என்பது பெரிய விஷயமே இல்லை.

அலையின் வடிவம். மார்த்தாண்டம் கடைக்காரருக்கு இதுதான் முதல் கேள்வியாக இருக்க வேண்டும். சாதா மீட்டர் ஏ.சி.யை அப்படியே அளப்பதில்லை. அலையை ஒரு பக்கமாக மடக்கி, சராசரி எடுத்து, அதை 1.11-ஆல் பெருக்கிக் காட்டுகிறது. இந்த 1.11 வளைவாக ஏறி இறங்கும் சுத்தமான சைன் அலைக்கு மட்டும்தான் பொருந்தும். வாரியத்தின் கரண்ட் ஏறக்குறைய சைன் என்பதால் அங்கே வண்டி ஓடிவிடும். சதுர அலை கொடுக்கும் ஸ்கொயர் வேவ் இன்வெர்ட்டர் சரியாக 230 கொடுத்தாலும் சாதா மீட்டர் 255 காட்டும். மாடிஃபைடு சைன் இன்வெர்ட்டரில் கதை தலைகீழ்: உச்சம் 325 வோல்ட், பாதி நேரம் அலை, பாதி நேரம் சும்மா என்று ஓடினால் உண்மையான மதிப்பு 230. மீட்டரில் வருவது 180. வாடிக்கையாளர் "வோல்டேஜ் எறங்கிப்போச்சு, போர்ட மாத்திக் குடுங்க" என்று நிற்பார். போர்டில் ஒரு குற்றமும் இருக்காது. ட்ரூ ஆர்.எம்.எஸ். என்று அச்சிட்ட மீட்டர் இந்த அலைகளையெல்லாம் உள்ளபடி கணக்கிடும்.

உள் மின்தடை. மீட்டரை வைத்ததுமே அதுவும் சர்க்யூட்டில் ஒரு உறுப்பாகிவிடுகிறது. 12 வோல்ட்டுக்குக் குறுக்கே 1 மெகா ஓம் ரெசிஸ்டர் இரண்டை வரிசையாகப் போட்டு நடுவில் அளந்தால் 6 வர வேண்டும். உள் மின்தடை 1 மெகா ஓம் உள்ள மீட்டரை வைத்தால் 4 வோல்ட் காட்டும். மலிவு மீட்டர்களில் பல இந்த ரகம். 10 மெகா ஓம் உள்ள மீட்டர் 5.7 காட்டும். போர்டு ரிப்பேர் செய்பவர்களுக்கு இது உயிர் நாடி.

வீட்டு வயரிங்கில் நிலைமை நேரெதிர். ஒரே பைப்பில் ஓடும் வயர்களில் ஒன்றுக்கு கரண்ட் இருந்து, இன்னொன்று எதிலும் சேராமல் கிடந்தால், அந்தச் சும்மா கிடக்கும் வயரில் 10 மெகா ஓம் மீட்டர் 60, 80 வோல்ட் என்று ஏதாவது காட்டும். அது பேய் வோல்டேஜ். ஒரு பல்பைச் சேர்த்தால் காணாமல் போய்விடும். பழைய எலக்ட்ரீஷியன்கள் ஹோல்டரில் பல்பை மாட்டி டெஸ்ட் லாம்ப்பாக வைத்திருப்பது சும்மா இல்லை. சில மீட்டர்களில் இதற்கென்றே லோ-இசட் என்ற நிலை உண்டு; மின்தடையைச் சில ஆயிரம் ஓமுக்குக் குறைத்து, பேயை விரட்டிவிட்டு அளக்கும். ஆனால் ஈ.எல்.சி.பி. (கசிவு கண்டால் கரண்டை அறுக்கும் சுவிட்ச்) போட்ட வீட்டில் பேஸுக்கும் எர்த்துக்கும் நடுவில் லோ-இசட் வைத்தால் ஈ.எல்.சி.பி. விழக்கூடும். 3,000 ஓம் வழியே 77 மில்லி ஆம்பியர் ஓடும்; அது விழுவதற்கு 30 போதும்.

பாதுகாப்பு. மீட்டரில் CAT என்று அச்சிட்டிருக்கும் பாதுகாப்புப் பிரிவுதான் கேட். கேட் 2 என்பது பிளக் பாயின்ட் வரை. கேட் 3, வீட்டு டி.பி. (கரண்டைப் பிரித்துக் கொடுக்கும் போர்டு) வரை. சர்வீஸ் வயர், வாரியத்து மீட்டர் பக்கம் போனால் கேட் 4. இடி மின்னலோடு மழை கொட்டும் சித்திரையிலும் ஐப்பசியிலும் லைனில் வரும் திடீர் எழுச்சியைத் தாங்குமா என்பதைத்தான் இந்த எண் சொல்கிறது. மஞ்சள் மீட்டரில் என்ன அச்சடித்திருந்தாலும் அதை நம்பி மெயின் போர்டைத் திறக்காதீர்கள். அதன் 10 ஆம்பியர் துளைக்கு பியூஸே கிடையாது. சிவப்பு வயரை அந்தத் துளையில் மறந்துவிட்டுப் பேஸில் வைத்தால் நேராக ஷார்ட், கைக்குள்ளேயே.

உப்புக்காற்று. குளச்சல், முட்டம், தேங்காய்ப்பட்டணம் என்று கடலோரத்தில் இருப்பவர்களுக்கு இது தனிச் செலவு. ரேஞ்ச் சுற்றும் குமிழுக்கு அடியிலுள்ள தகடுகளிலும், வயர் செருகும் துளையிலும், பாட்டரி ஸ்பிரிங்கிலும் பச்சைக் களிம்பு ஏறும். குமிழை லேசாக ஆட்டினால் எண் மாறுகிறது என்றால் மீட்டருக்கு நாள் எண்ணத் தொடங்கிவிடலாம்.

## மஞ்சள் மீட்டர்

விலை 200 முதல் 400 ரூபாய். 230 வோல்ட் ஏ.சி.யில் இதன் லட்சணம் பார்த்துவிட்டோம். பாட்டரி கொடுக்கும் டி.சி.யில் இது அப்படியே வேறு ஆள்.

12 வோல்ட் பாட்டரியை 20 வோல்ட் ரேஞ்சில் அளந்தால் கடைசி இலக்கம் 0.01. பிழை ±(0.5% + 2), 12.6 வோல்ட்டுக்கு 0.08. பத்து மடங்கு விலையுள்ள 6000 கவுண்ட் மீட்டர் இதே பாட்டரியை 60 வோல்ட் ரேஞ்சில் அளக்கிறது. அங்கேயும் கடைசி இலக்கம் 0.01 தான், பிழை ±(0.5% + 3) என்றால் 0.09. தாளின்படி பார்த்தால் மஞ்சள் மீட்டர் ஒரு முடி முன்னால் நிற்கிறது! பாட்டரி மட்டும் பார்ப்பவர் 3,000 ரூபாய் கொடுத்துத் துல்லியம் வாங்கினேன் என்று நினைத்தால் ஏமாற்றம்தான்.

லெட் ஆசிட் பாட்டரி நிறைந்திருந்தால் 12.7, பாதியில் 12.2 என்று வைத்துக்கொண்டால், இந்த 0.08 பெரிய தொல்லை இல்லை. சார்ஜரைக் கழற்றி உடனே அளப்பதுதான் தொல்லை. பாட்டரி சில மணி நேரம் சும்மா இருந்த பிறகு வரும் எண்ணைத்தான் நம்ப வேண்டும். லித்தியம் இரும்பு பாஸ்பேட் பாட்டரிக்கு இந்த வழியே பொருந்தாது. 13.0-க்கும் 13.3-க்கும் நடுவிலேயே அதன் சார்ஜில் பெரும்பகுதி அடங்கிவிடுகிறது. மஞ்சள் மீட்டர் என்ன, விலையுயர்ந்த மீட்டருக்கே அது சிக்காது. ஷன்ட் (மிகச் சிறிய மின்தடை) வைத்து, உள்ளே போகும் வெளியே வரும் ஆம்பியரை எண்ணும் மானிட்டர்தான் வழி.

படகுக்காரருக்கு இந்த மீட்டரிலேயே ஒரு நல்ல வித்தை இருக்கிறது. என்ஜின் ஸ்டார்ட் ஆகத் திணறினால் பலரும் பாட்டரியில் ஒரு அளவு, ஸ்டார்ட்டர் மோட்டாரில் ஒரு அளவு எடுத்துக் கழித்துப் பார்ப்பார்கள். இரண்டு அளவின் பிழையும் அதில் சேர்ந்துகொள்ளும். அதற்குப் பதிலாக ஒரு ப்ரோப்பை (மீட்டர் வயரின் ஊசி முனை) பாட்டரியின் ஈயக் கம்பத்திலேயே வையுங்கள், மற்றதை அதே கம்பத்தைப் பிடித்திருக்கும் கிளாம்ப்பில் வையுங்கள். 2000 மில்லி வோல்ட் ரேஞ்சில் போட்டு, இன்னொருவரை என்ஜினை ஸ்டார்ட் பண்ணச் சொல்லுங்கள். சில பத்து மில்லி வோல்ட் வந்தால் சரி. 500-ஐத் தாண்டினால் குற்றம் பாட்டரியில் இல்லை, உப்பு தின்ற கிளாம்ப்பில். கழற்றிச் சுரண்டி, வேசலின் தடவி மாட்டினால் போதும். புது பாட்டரிக்கு வைத்திருந்த காசு மிச்சம். இந்த வேலைக்கு 300 ரூபாய் மீட்டர் தாராளம்.

மறைந்திருக்கும் செலவு இதன் 9 வோல்ட் பாட்டரி. அது இறங்க இறங்க, மீட்டர் குறைத்துக் காட்டாது, கூட்டிக் காட்டும். 230 இருக்கும் இடத்தில் 250, 260 என்று வந்து ஸ்டெபிலைசர் விற்பவரை வாழவைக்கும். எதிர்பாராமல் எல்லா அளவும் உயர்ந்தே வந்தால், வாரியத்தைத் திட்டும் முன் பாட்டரியை மாற்றிப் பாருங்கள்.

## 6000 கவுண்ட் ட்ரூ ஆர்.எம்.எஸ். மீட்டர்

விலை 2,000 முதல் 5,000. ரேஞ்சைத் தானே தேர்ந்துகொள்ளும், உள் மின்தடை 10 மெகா ஓம், 230 வோல்ட் ஏ.சி.யில் பிழை இரண்டரை வோல்ட் சொச்சம். நம் குமரி மாவட்டத்தில் வோல்டேஜ் சம்பந்தமாக வரும் வேலைகளில் முக்கால்வாசி இதில் முடிந்துவிடும் என்பது என் கணிப்பு. இன்வெர்ட்டர் கடைக்கு இதுதான் குறைந்தபட்சத் தகுதி.

நியூட்ரல் பிரச்சினையிலும் இது கைகொடுக்கும். தென்னை மட்டை விழுந்து நியூட்ரல் அறுந்தால் ஒரு வீட்டில் 300-ஐத் தாண்டும், அடுத்த வீட்டில் 130-க்கு இறங்கும். முழுதாக அறுவதற்கு முன்னால், இணைப்பு தளர்ந்து இருக்கும்போதே நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் நடுவில் அளந்தால் தெரிந்துவிடும். மோட்டார் ஓடாதபோது 1 வோல்ட், ஓடும்போது 10, 15 வோல்ட் என்று தாவினால் லைன்மேனை உடனே கூப்பிட வேண்டும். எந்த அளவையும் சுமை ஓடும்போது ஒரு முறை, ஓடாதபோது ஒரு முறை எடுத்தால்தான் பலன். மோட்டார் போடாமல் 225 காட்டி, போட்டதும் 190-க்கு விழுந்தால் குற்றம் உங்கள் சர்வீஸ் வயரிலா, வாரியத்து லைனிலா என்று அதிலிருந்துதான் பிடித்துக்கொண்டு போக முடியும்.

இங்கே மறைந்திருக்கும் செலவு இரண்டு. முதலாவது, கூடவே வரும் ப்ரோப் வயர். வோல்டேஜ் அளக்க வயரின் மின்தடை ஒரு பொருட்டே இல்லை. 10 மெகா ஓமுக்கு முன்னால் அரை ஓம் எந்த மூலைக்கு? ஆனால் தோல் வெடித்த பி.வி.சி. வயர் உயிருக்கு ஆபத்து. கேட் 3 என்று போட்ட சிலிக்கான் வயர் தனியாக வாங்கினால் இன்னும் சில நூறு ரூபாய் ஆகும். இரண்டாவது பியூஸ். மணல் நிரப்பிய எச்.ஆர்.சி. பியூஸ் போன இடத்தில் கண்ணாடி பியூஸைச் செருகினால், மீட்டரின் பாதுகாப்பு அத்தோடு போயிற்று.

## கிளாம்ப் மீட்டர்

வயரை வாயால் கவ்வி ஆம்பியர் அளக்கும் மீட்டர்; டாங் டெஸ்டர் என்றால் எல்லோருக்கும் புரியும். வோல்டேஜ் துல்லியத்தில் நடுத்தர மீட்டரைவிட ஒரு படி கீழே. 230-ல் 3 முதல் 5 வோல்ட் வரை பிழை. கரண்டையும் சேர்த்து, வயரை அறுக்காமல் பார்க்க வேண்டிய ஏர் கண்டிஷனர் மெக்கானிக்குகளுக்கும் மோட்டார் ரீவைண்டிங் கடைக்கும் இதுதான் முதல் மீட்டர். வோல்டேஜ் மட்டும் என்றால் இதற்குச் செலவழிப்பது வீண். டி.சி. ஆம்பியரும் அளக்குமா என்று கேட்டு வாங்குங்கள். விலை மலிவான பலவும் ஏ.சி. ஆம்பியரை மட்டும் அளப்பவை. படகிலும் சோலாரிலும் உதவாது.

## உயர்ரக மீட்டர்

ஃப்ளூக் கம்பெனியின் 117, 87-5 போன்றவை. 15,000-க்கு மேல் தொடங்கி அரை லட்சம் வரை போகும். இங்கே ஒரு உண்மையைப் பலர் கவனிப்பதில்லை. ஃப்ளூக் 117-ன் ஏ.சி. வோல்டேஜ் பிழை ±(1% + 3). 3,000 ரூபாய் மீட்டரின் தாளிலும் ஏறக்குறைய அதேதான். கூடுதல் பணம் துல்லியத்துக்குப் போகவில்லை. தாளில் எழுதியதை வருஷக்கணக்காகக் காப்பாற்றும் என்ற நம்பிக்கைக்கும், லோ-இசட் வசதிக்கும், லைனில் எழுச்சி வந்தாலும் கையில் வெடிக்காது என்பதற்கும் போகிறது.

நிஜமான துல்லியம் 87-5 போன்றவற்றில் வருகிறது. டி.சி.யில் ±(0.05% + 1), அதாவது 12.6 வோல்ட்டில் 0.02-க்கும் கீழே. வி.எஃப்.டி. (மோட்டாரின் வேகத்தை மாற்றும் டிரைவ்) போட்ட மோட்டாரின் வோல்டேஜை அளக்க, அதிவேகத் துடிப்புகளை வடிகட்டும் லோ-பாஸ் ஃபில்ட்டரும் உண்டு. ஐஸ் பிளான்ட்டில் வி.எஃப்.டி.யின் அவுட்புட்டைச் சாதா மீட்டரில் அளந்து, எண் கூடுதலாக வருகிறது என்று டிரைவைச் சந்தேகப்படுவது இந்த ஃபில்ட்டர் இல்லாததால் வரும் வினை.

ஆரல்வாய்மொழி, முப்பந்தல் பக்கம் காற்றாலையில் வேலை செய்பவர்களுக்கு விலை பேச இடமில்லை. காற்றாலைகள் பலவற்றில் ஜெனரேட்டர் 690 வோல்ட். மொட்டை மாடி சோலாரில் பத்து பேனல் வரிசையாக வந்தால் டி.சி. 400, 500 வோல்ட்டைத் தாண்டும், ஆர்க் (தொடர் தீப்பொறி) பிடித்தால் விடாது. கேட் 3, 1000 வோல்ட் என்று உண்மையிலேயே சோதித்த மீட்டர் வேண்டும்.

மறைந்த செலவு அளவுத்திருத்தம் (காலிபரேஷன்). தாளில் உள்ள பிழை பொதுவாக ஒரு வருஷத்துக்குத்தான் உத்தரவாதம். சான்றிதழ் வேண்டும் என்றால் நமக்குப் பக்கம் சென்னையைவிடத் திருவனந்தபுரம். மத்திய அரசின் எஸ்.டி.க்யூ.சி. அமைப்பைச் சேர்ந்த இ.ஆர்.டி.எல். தெற்கு ஆய்வகம் அங்கே இருக்கிறது. டெண்டர் வேலை, கம்பெனி ஆடிட் என்று இல்லாதவருக்கு அந்தச் செலவு தேவையில்லை. 10, 7.5, 5, 2.5 வோல்ட் கொடுக்கும் ஏ.டி.584 ரெஃபரன்ஸ் மாட்யூல் சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கிறது. மீட்டர் டி.சி.யில் நகர்ந்திருக்கிறதா என்று பார்க்க அது போதும்.

## ஒரே பார்வையில்

| | மஞ்சள் மீட்டர் | 6000 கவுண்ட் ட்ரூ ஆர்.எம்.எஸ். | கிளாம்ப் மீட்டர் | உயர்ரகம் |
|---|---|---|---|---|
| விலை (ஏறக்குறைய) | 200–400 | 2,000–5,000 | 1,500–5,000 | 15,000–50,000 |
| 230 வோல்ட் ஏ.சி.யில் பிழை | ±13 | ±2.6 | ±3–5 | ±2–2.6 |
| 12.6 வோல்ட் டி.சி.யில் பிழை | ±0.08 | ±0.09 | மாடலைப் பொறுத்து | ±0.02 வரை |
| இன்வெர்ட்டர் அலை | தப்பாகக் காட்டும் | சரி | ட்ரூ ஆர்.எம்.எஸ். என்றால் சரி | சரி |
| மெயின் போர்டு | வேண்டாம் | கேட் 3 என்றால் சரி | கேட் 3 என்றால் சரி | தாராளமாக |
| மறைந்த செலவு | 9 வோல்ட் பாட்டரி | ப்ரோப் வயர், பியூஸ் | டி.சி. ஆம்பியர் இல்லாமை | அளவுத்திருத்தம், போலிச் சரக்கு |

## அந்த நாலு பேருக்கு

குளச்சல்காரர் 24 வோல்ட்டுக்கு மேல் தொடுவதில்லை என்றால் மஞ்சள் மீட்டர் இரண்டு வாங்கி, ஒன்றைப் பாலிதீன் பையில் கட்டி வீட்டில் வைத்துக்கொள்ளட்டும். கடலில் கொண்டுபோகும் எந்த மீட்டருக்கும் ஆயுள் குறைவுதான், விலை எதுவானாலும். மார்த்தாண்டம் கடைக்கு ட்ரூ ஆர்.எம்.எஸ்., யோசிக்கவே வேண்டாம். ஐ.டி.ஐ. பையன் படிக்கும்வரை மஞ்சளில் பழகட்டும். லேபில் இருக்கும் நல்ல மீட்டரோடு ஒரே பாயின்ட்டில் வைத்து ஒப்பிட்டு, தன் மீட்டர் எவ்வளவு விலகுகிறது என்று பின்பக்கம் ஒரு ஸ்டிக்கரில் எழுதி ஒட்டிக்கொண்டால் அதன் மதிப்பே வேறு. வேலைக்குப் போய் டி.பி.யைத் திறக்கும் நாளில் கேட் 3 மீட்டர் கையில் இருக்க வேண்டும்.

குலசேகரத்து வீட்டுக்காரருக்கு நான் மல்டிமீட்டரே சொல்லமாட்டேன். வோல்டேஜ் இறங்குவது ராத்திரி ஏழு மணிக்கு. அந்த நேரத்தில் தினமும் பிளக் பாயின்ட்டில் ப்ரோப் வைத்துக்கொண்டு நிற்க யாரால் முடியும்? பிளக்கில் மாட்டிவிட்டால் எந்நேரமும் எண் காட்டிக்கொண்டிருக்கும் சின்ன வோல்ட் மீட்டர் சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும். ஒரு வாரம் ஏழு மணி அளவை நோட்டில் எழுதட்டும். எலக்ட்ரீஷியன் நல்ல மீட்டரோடு வரும் அன்று இரண்டையும் ஒரே பாயின்ட்டில் வைத்துப் பார்த்து, வித்தியாசத்தை அந்த ஒரு வார எண்ணில் கூட்டியோ கழித்தோ மனுவோடு சேர்த்துக் கொடுத்துவிடலாம்.